பசியடக்கும் லெப்டினும் அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளும்

பொங்கல் விழா முடிந்து, சங்கக் கூடத்தில் பந்திப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். உறுப்பினர் ஒருவரின் மனைவி என்னிடம் வந்து, "மாமா, நீங்கள் ஆஸ்பத்திரி லாபில் முப்பது வருஷம் இருந்தவராயிற்றே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று ஒரு தாளை நீட்டினார். ரத்தப் பரிசோதனை முடிவு. அதில் ஒரே வரி. லெப்டின்: மில்லி லிட்டருக்கு 22.6 நானோகிராம். பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று போட்டிருந்தது.

பையனுக்குப் பதினொரு வயது. வயதுக்கு மீறிய பருமன். அன்று பந்தியிலும் சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். பாட்டி எல்லோர் காதிலும் விழும்படி "பெருந்தீனிக்காரன்" என்றார். பையன் தலை கவிழ்ந்துகொண்டான். அம்மாவுக்கோ இந்தத் தாள் ஒருவகையில் ஆறுதல். "பசி ஹார்மோன் அதிகமாம் மாமா. அதனால்தான் இவன் இப்படிச் சாப்பிடுகிறான். அதைக் குறைக்க மாத்திரை இருக்கிறதா?" என்று கேட்டார்.

அவர் புரிந்துகொண்டது தலைகீழ். ஆனால் தவறு அவருடையதல்ல. ஓர் எண்ணையும் 'அதிகம்' என்ற சொல்லையும் மட்டும் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டால் வேறு எப்படிப் புரிந்துகொள்வது? அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதை நம் வாசகர்களுக்கும் விளக்கலாமே என்று தோன்றியது. அதற்காகவே இந்தப் பாடம்.

முதலில் லெப்டின் என்பது என்ன? கதை எலியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் என்று ஒன்று உண்டு. ஆராய்ச்சிக்கான எலிகளை வம்சம் வம்சமாக வளர்க்கும் இடம். அங்கே 1949இல் சில எலிகள் உருண்டு திரண்டு, கூண்டில் நகரவே சிரமப்படும் அளவுக்குப் பெருத்துக் காணப்பட்டன. வாய் ஓயாமல் தின்றன. பின்னர் 1960களில், பெருத்து நீரிழிவும் கொண்ட இன்னொரு வகை எலி கிடைத்தது. இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிந்தவர் டக்ளஸ் கோல்மன்.

அவர் செய்த சோதனை கேட்கக் கொஞ்சம் கொடுமையானது. இரண்டு எலிகளின் உடலைப் பக்கவாட்டில் இணைத்துத் தைத்துவிடுவார். ஒன்றின் ரத்தம் சிறிது சிறிதாக மற்றதற்குள் போகும். நீரிழிவு எலியைச் சாதாரண எலியுடன் இணைத்தபோது, சாதாரண எலி உண்பதை விட்டுப் பட்டினியாய்ச் செத்தது. நீரிழிவு எலியை முதல்வகைக் கொழுத்த எலியுடன் இணைத்தபோது, அந்தக் கொழுத்த எலியும் உண்ண மறுத்து இறந்தது. கோல்மன் கணக்குப் போட்டார். நீரிழிவு எலியின் ரத்தத்தில் "போதும், நிறுத்து" என்னும் செய்தி ஏராளமாக ஓடுகிறது. ஆனால் அதைக் கேட்கும் காது அந்த எலிக்கு இல்லை. முதல்வகைக் கொழுத்த எலிக்குக் காது உண்டு, செய்திதான் இல்லை.

அந்தச் செய்தி எது என்று தெரிய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தனர். அது 146 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதம். 'மெலிந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயரிட்டார்கள். இதைச் சுரப்பது தனிச் சுரப்பி அல்ல, நம் உடம்பின் கொழுப்புத் திசுவேதான். வெறும் சேமிப்புக் கிடங்கு என்று நாம் நினைத்திருந்த கொழுப்பு, "கையிருப்பு இவ்வளவு இருக்கிறது" என்று மூளைக்கு நாள்தோறும் கணக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஆகவே லெப்டின் பசியை மூட்டும் ஹார்மோன் அல்ல, அடக்கும் ஹார்மோன். அப்படியானால் பருமனானவர்களுக்கு அது குறைவாகத்தானே இருக்க வேண்டும்? விஞ்ஞானிகளும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 1996இல் அமெரிக்காவில் 139 பருமனானவர்களின் ரத்தத்தையும் சாதாரண எடையுள்ள 136 பேரின் ரத்தத்தையும் அளந்து பார்த்தார்கள். பருமனானவர்களுக்குச் சராசரி 31 நானோகிராம் அளவில் இருந்தது, மற்றவர்களுக்கு 7.5 அளவில். கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடுகிறது. செய்தி போகிறது, மூளைதான் அதற்குச் சரியாகச் செவி சாய்ப்பதில்லை. பருமனான ஒருவருக்கு லெப்டின் 'அதிகம்' என்பது, மழை பெய்தால் முற்றம் நனைந்திருக்கிறது என்பது போன்ற செய்திதான். அந்த அம்மாவிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். அவர் முகம் சற்று வாடியது உண்மை.

இனி, இதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். என் தொழில் அதுவாக இருந்ததால் இந்தப் பகுதி சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்தப் பையனின் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதிலும் உள்ள லெப்டினைத் திரட்டினாலும் ஒரு கடுகளவுகூடத் தேறாது. அதே ரத்தத்தில் மற்றப் புரதங்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. இந்தக் கூட்டத்தில் லெப்டினை மட்டும் தேடிப் பிடிக்கும் தராசு மனிதன் செய்ததல்ல, விலங்கின் உடம்பு செய்வது. அதுதான் எதிர்ப்பொருள். ஆய்வுக்கூடங்களில் 'ஆன்டிபாடி' என்போம்.

தடுப்பூசி போட்டால் உடம்பில் என்ன நடக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அந்நியப் பொருள் நுழைந்தால், அதன் வடிவத்தில் ஒரு மூலையைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை உடம்பு தயார் செய்கிறது. கிருமிக்கு மட்டுமல்ல, எந்த அந்நியப் புரதத்துக்கும் இது பொருந்தும். மனித லெப்டினை ஒரு முயலுக்கோ ஆட்டுக்கோ சில வார இடைவெளிகளில் ஊசியாகப் போட்டால், அதன் ரத்தத்தில் மனித லெப்டினைப் பற்றும் எதிர்ப்பொருள் உண்டாகிறது. ரத்தத்தை எடுத்துச் சுத்திகரித்தால் கருவி தயார்.

இப்படி எதிர்ப்பொருளைத் தராசாக்கலாம் என்று கண்டவர்கள் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், துப்புரவுப் பணியாளர் சாமான் வைத்திருந்த அறையொன்றில் யாலோவின் ஆய்வுக்கூடம் தொடங்கியது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிகளின் உடம்பில் இன்சுலினுக்கே எதிர்ப்பொருள் உண்டாகிறது என்று அவர்கள் எழுதியபோது, இவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்பொருள் தோன்றாது என்று கூறிப் பத்திரிகைகள் திருப்பியனுப்பின. கடைசியில் 'எதிர்ப்பொருள்' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டுத்தான் 1956இல் வெளியிட முடிந்தது. அதே அறிவைக்கொண்டு சில ஆண்டுகளில் ரத்தத்து இன்சுலினை அளக்கும் கதிரியக்க முறையை அமைத்தார்கள். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972இலேயே காலமாகிவிட்டார். தம்மைத் திருப்பியனுப்பிய அந்தக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து நோபல் உரையில் எல்லோருக்கும் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

முயலின் எதிர்ப்பொருளில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு முயல் தருவது பலவகைக் கலவை, அடுத்த முயல் தருவது வேறு கலவை. 1975இல் கேம்பிரிட்ஜில் கோஹ்லரும் மில்ஸ்டைனும் இதற்கு வழி கண்டார்கள். எதிர்ப்பொருள் தயாரிக்கும் எலியின் அணுவை, சாகாமல் பெருகும் புற்று அணுவுடன் இணைத்துவிட்டால், ஒரே வகை எதிர்ப்பொருளை அது வேண்டுமட்டும் தந்துகொண்டே இருக்கும்.

இப்போது பரிசோதனைக்கு வருவோம். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் எட்டுக்குப் பன்னிரண்டாக 96 சிறு குழிகள். பணியாரச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியின் அடியிலும் லெப்டினைப் பிடிக்கும் முதல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். ரத்தத் தெளிநீரை ஊற்றினால் லெப்டின் மட்டும் சிக்கிக்கொள்ளும், மற்றவை கழுவும்போது போய்விடும். அடுத்து, லெப்டினின் வேறொரு மூலையைப் பிடிக்கும் இரண்டாவது எதிர்ப்பொருளை ஊற்றுகிறோம். ஒரு அண்டாவை இருவர் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்குவது போல. ஒரு காது மட்டும் இருக்கும் பாத்திரம் இங்கே கணக்கில் வராது. இரண்டாவது எதிர்ப்பொருளுடன் ஒரு நொதியைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரக் கிழங்கிலிருந்து எடுக்கும் நொதி அது. அதற்கான மருந்தை ஊற்றினால் குழி நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு லெப்டின். அளவு தெரிந்த மாதிரிகளையும் பக்கத்துக் குழிகளில் வைத்து ஒப்பிட்டு எண்ணைக் கணிக்கிறோம். எலைசா என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் முறை இதுதான். ஸ்டாக்ஹோமில் 1971இல் உருவானது.

எதிர்ப்பொருள் உண்மையில் லெப்டினைத்தான் பிடிக்கிறதா, அதைப் போன்ற வேறெதையோ பிடிக்கிறதா என்று எப்படித் தெரியும்? நாங்கள் ஒவ்வொரு புதுப் புட்டியையும் சந்தேகத்துடனேதான் திறப்போம். எலி லெப்டினுக்கான எதிர்ப்பொருள் என்றால் அதற்கு ஒரு நல்ல நீதிபதி உண்டு. ஜாக்சன் ஆய்வுக்கூடத்து அதே கொழுத்த எலிதான். அதன் ரத்தத்தில் லெப்டின் கிடையாது. அந்த ரத்தத்தை ஊற்றியும் குழி மஞ்சளானால் எதிர்ப்பொருள் பொய் சொல்கிறது என்று பொருள். அந்தப் புட்டியை மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கலைச் சொல்ல, பசியை மூட்டும் ஹார்மோன் பக்கம் ஒரு நடை போய் வர வேண்டும். 1999இல் ஜப்பானின் கோஜிமா, கங்காவா குழுவினர் எலியின் இரைப்பையில் கண்டெடுத்த கிரெலின் அது. 28 அமினோ அமிலங்கள்தான். சாப்பாட்டு வேளைக்கு முன் ரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். இதன் மூன்றாவது அமினோ அமிலத்தில் ஒரு சிறு கொழுப்பமிலம் ஒட்டியிருந்தால்தான் அது தன் ஏற்பியைத் தூண்டிப் பசியை மூட்டும். நம் தேங்காயெண்ணெயிலும் கொஞ்சம் இருக்கும் ஆக்டனோயிக் அமிலம்தான் அந்த ஒட்டு. ஒட்டு போய்விட்டால் கிரெலின் உருவில் கிரெலினாகவே இருக்கும், ஆனால் அந்த வேலையைச் செய்யாது. ரத்தத்தில் பெரும்பகுதி இப்படி ஒட்டிழந்ததுதான்.

எதிர்ப்பொருள் கிரெலினின் வால் பக்கத்தைப் பிடிப்பதாக இருந்தால், ஒட்டுள்ளதும் ஒட்டில்லாததும் அதற்கு ஒன்றே. தலைப் பக்கத்தை ஒட்டோடு சேர்த்துப் பிடிப்பதாக இருந்தால், வேலை செய்யும் கிரெலின் மட்டும் கணக்கில் வரும். இரண்டு எண்ணும் 'கிரெலின்' என்ற பெயரில்தான் தாளில் ஏறும். போதாக்குறைக்கு, ரத்தம் எடுத்தவுடனே ஐஸில் வைத்து, சிதைவைத் தடுக்கும் மருந்தும் அமிலமும் சேர்க்காவிட்டால் அந்த ஒட்டு கழன்றுகொண்டே இருக்கும். தில்லியின் மே மாத வெயிலில் ஸ்கூட்டர் பெட்டியில் பயணம் செய்த ரத்தத்தில் எதை அளப்பது?

எதிர்ப்பொருள் வடிவத்தைத்தான் பார்க்கிறது, வேலையைப் பார்ப்பதில்லை. இந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை இரண்டு சம்பவங்களால் காட்டுகிறேன்.

முதலாவது, 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தில் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளான இரண்டு குழந்தைகள். பெண்ணுக்கு எட்டு வயது, எடை 86 கிலோ. பையனுக்கு இரண்டு வயது, எடை 29 கிலோ. பிறந்தபோது இருவரும் சாதாரண எடைதான். சில மாதங்களில் தொடங்கிய பசி அடங்கவே இல்லை. இவர்களுடைய ரத்தத்தை எதிர்ப்பொருள் முறையில் சோதித்தபோது, இவ்வளவு கொழுப்பு இருந்தும் லெப்டின் மிக மிகக் குறைவாக இருந்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. ஸ்டீபன் ஓராஹிலியும் சதஃப் ஃபரூக்கியும் அந்தப் பெண்ணுக்கு லெப்டினை ஊசியாகக் கொடுத்தனர். அவளுடைய பசி அடங்கியது. ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தாள் என்று 1999இல் எழுதினார்கள்.

அதுவரை அந்தக் குழந்தைகளை எத்தனை பேர் பெருந்தீனி என்றிருப்பார்கள், எத்தனை பேர் தாயைக் குறை கூறியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெற்றோர் உறவுமுறையில் மணந்தவர்கள் என்பதும் இதில் சேர்ந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதே பழுதுபட்ட பிரதி வந்து சேர்ந்தால்தான் இந்தக் குறை வெளிப்படும். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள நமக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. பயப்பட அல்ல. இந்தக் குறை மிகவும் அரிது.

இரண்டாவது சம்பவம் 2015இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. இரண்டு வயது தாண்டிய ஒரு பையன், அதே அடங்காப் பசி, அதே பருமன். லெப்டினை அளந்தார்கள். குறைவாக இல்லை, அதிகமாகவே இருந்தது! எல்லாப் பருமனானவர்களுக்கும் இருப்பது போல. வேறொரு மருத்துவராக இருந்தால் லெப்டினில் குறையில்லை என்று கோப்பை மூடியிருப்பார். மார்ட்டின் வாபிட்ஷ் குழுவினர் மூடவில்லை. மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். நூறாவது அமினோ அமிலம் மாறியிருந்தது, அது ஒன்றுதான். எதிர்ப்பொருள்கள் பிடிக்கும் இரண்டு காதுகளும் அப்படியே இருந்ததால் சோதனையில் அது நல்ல லெப்டினாகவே தெரிந்தது. ஆனால் அந்த லெப்டினால் மூளையின் ஏற்பியை இயக்க முடியவில்லை. செயற்கை லெப்டின் ஊசி கொடுத்ததும் பையனின் பசியும் எடையும் இறங்கின. இதற்குப் பிறகு, பிடிக்கும் எதிர்ப்பொருளுக்குப் பதிலாக லெப்டின் ஏற்பியின் ஒரு துண்டையே குழியில் ஒட்டிவைத்து, ஏற்பியில் பொருந்தும் லெப்டினை மட்டும் எண்ணும் சோதனையையும் உருவாக்கினார்கள்.

இத்துடன் சில நடைமுறைச் செய்திகள். லெப்டின் இரவில் ஏறி, பகலில் இறங்கும். ஓரிரு நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு குறைவதற்கு முன்பே லெப்டின் விழுந்துவிடும். ஒரே பருமனுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் பெண்ணுக்குத்தான் கூடுதல். ஒரு நிறுவனத்தின் எதிர்ப்பொருள் தரும் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆகவே போன வருஷம் ஓரிடத்தில் 18, இந்த வருஷம் வேறிடத்தில் 22 என்றால் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. பல சோதனைகளில் எதிர்ப்பொருளையும் நொதியையும் இணைக்கப் பயோட்டின் என்னும் வைட்டமினைப் பயன்படுத்துகிறார்கள். முடி வளர என்று நம் பெண்கள் வாங்கிச் சாப்பிடும் அதே பயோட்டின்தான். அதிக அளவில் சாப்பிட்டிருந்தால் இத்தகைய சோதனைகளில் எண் பொய்யாகக் குறையலாம். தைராய்டு போன்ற வேறு சோதனைகளும் இதனால் கெடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சொல்வது நம் பொறுப்பு. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

சரி, யாருக்கு இந்தச் சோதனை தேவை? பிறந்து சில மாதங்களிலேயே தொடங்கி ஐந்து வயதுக்குள் மிகக் கடுமையான பருமன், உணவைப் பிடுங்கினால் அலறித் துடிக்கும் பசி, இரவில் எழுந்து அடுக்களையைத் தேடும் பழக்கம், குடும்பத்தில் உறவுமுறைத் திருமணம், இப்படியிருந்தால் குழந்தை மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அங்கே லெப்டின் அளவும் மரபணுச் சோதனையும் உயிரான விஷயங்கள். மற்றபடி, சற்றே பருமனான பிள்ளைக்கு இதை எடுப்பது, தராசு ஏற்கனவே சொன்னதைப் பணம் கொடுத்து இன்னொரு முறை கேட்பதுதான்.

அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டேன். பையன் எப்போது பருக்கத் தொடங்கினான்? மூன்றாம் வகுப்பு வரை ஒல்லியாகத்தான் இருந்தானாம். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி இங்கே வந்து, நாலாவது மாடி வீட்டில் குடியேறிய பிறகுதான். இந்தி தெரியாததால் கீழே விளையாடப் போகவில்லை. பள்ளி விட்டு வந்தால் அம்மா அலுவலகத்திலிருந்து திரும்பும் வரை தனியே டெலிவிஷனும் பிஸ்கட் பொட்டலமும்தான்.

பிறந்ததிலிருந்து எடை, உயரம் குறித்த அட்டை இருக்கிறதா என்றேன். இருந்தது. அதை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போனார்கள். அவர் லெப்டின் தாளை ஒரு முறை பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அட்டையைத்தான் வெகுநேரம் பார்த்தாராம். சாப்பாட்டு முறை எழுதிக் கொடுத்து, மாலையில் கட்டாயம் கீழே அனுப்பச் சொன்னார். சங்கத்து ஞாயிறு வகுப்புக்கு வரும் இரண்டு பையன்கள் அதே குடியிருப்பில் இருப்பது இதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது மூவரும் மாலையில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எடை இன்னும் பெரிதாக மாறவில்லை, உயரம் கூடியிருக்கிறது. பாட்டி மட்டும் பழைய சொல்லை விடவில்லை என்று அம்மா குறைப்பட்டார். இந்த இதழை அவருக்கும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

(கட்டுரையாளர் தில்லியில் மருத்துவமனை ஆய்வுக்கூடப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்.)